'காட்சிக் கதைசொல்லி': யார் விட்ட கதை?

போன வாரம் ஒரு படக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் வந்தது. படம் எடுத்தவர் பெயருக்குக் கீழே 'காட்சி கதைசொல்லி' என்று போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். விழுந்துபோன 'க்'கைக்கூட மன்னிக்கலாம், கதையை மன்னிக்க முடியவில்லை.

விஷுவல் ஸ்டோரிடெல்லரை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகை அலுவலகத்தில் நிருபர் எழுதித் தருகிற செய்திக்கே ஸ்டோரி என்றுதான் பெயர். நம் ஊரில் அப்படியா? 'கதை விடாதே', 'கதை கட்டுகிறான்', 'என்ன கதை அளக்கிறாய்?' கதை வந்தாலே கூடவே சந்தேகமும் வந்துவிடும். கண்ணால் கண்டதைக் காட்டிப் பிழைக்கிற மனிதரைக் கூப்பிட்டு, மாலையும் போட்டு, 'இவர் கதை சொல்லுவார்' என்கிறோம்.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல் ஒன்றும் அப்பாவி இல்லை. பெஷாவர் அருகே அகதி முகாமில் பச்சைக் கண் சிறுமியைப் படமெடுத்தாரே, ஸ்டீவ் மெக்கரி? 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த படம். 2016இல் இத்தாலியில் நடந்த அவருடைய கண்காட்சியில், கியூபாவில் எடுத்த ஒரு படத்தில் கம்பத்துண்டு ஒன்று இடம் மாறிக் கிடந்ததை ஒருவர் கவனித்துவிட்டார். கணினியில் திருத்திய தழும்பு. அப்புறம் தோண்டத் தோண்ட, வேறு படங்களில் ஆட்களே காணாமல் போயிருந்தார்கள். அப்போது அவர் தந்த விளக்கம், தம் வேலையை இன்று 'விஷுவல் ஸ்டோரிடெல்லிங்' என்றே சொல்வேன் என்பது. பேர் மாறியதும் விதியும் தளர்ந்துவிட்டது, பாருங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். போட்டோகிராஃபில் கிரேக்க ஒளியும் எழுத்தும் இருக்கின்றன, அதனால் ஒளிப்படம். புகைப்படத்தில் புகை எங்கே என்று கேட்டு இனிப் பயனில்லை, ஊரே அப்படித்தான் சொல்கிறது. டாக்குமெண்டரிக்கு ஆவணம் வாய்த்தது நம் அதிர்ஷ்டம். ஆவணம் என்றால் சபையில் சாட்சியாக நிற்கிற ஓலை. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்துப்போட்டது படி ஓலையை, அதாவது நகலை; அவரை அடிமை என்று வழக்காடிய கிழவர், வேடமிட்டு வந்த சிவன், மூல ஓலையை எடுத்து நீட்ட, வழக்கு முடிந்தது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியிலும் இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் கேட்டு வாங்கித்தான் ஒப்பிடுகிறார்கள். அதுவும் மூல ஓலைதானே?

ஆகவே போட்டோ ஜர்னலிஸ்டுக்கு ஒளிப்படச் செய்தியாளர். ஒரே ஊரில் வருடக்கணக்கில் தங்கி எடுப்பவர் என்றால் ஆவண ஒளிப்படக்காரர். 'ஆவணப்படக் கலைஞர்' வேண்டாம், படிப்பவர் சினிமா என்று நினைத்துக்கொள்வார்.

அழைப்பிதழ் அனுப்பியவரிடம் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒளிப்படச் செய்தியாளர்னா கொஞ்சம் பழசா இருக்கு சார்" என்றார்.