புயல், மழையில் இழப்பு வந்தால் என்ன கிடைக்கும்? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே இழப்பு புயலோடு மட்டும் வருவதில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து வலுவிழந்துவிட்டது. 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லை. ஆனாலும் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பேர் வைத்த புயல் அடித்தால்தான் நிவாரணம் என்று பலர் மனு கொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம்.

நிவாரணப் பணம் வருவது மாநில பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. அதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. புயல், வெள்ளம், சுனாமி, மேகவெடிப்பு, வறட்சி, தீ எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. கடல் அரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வீட்டை இழப்பவருக்கு இது பெரிய அநியாயம், மாற்றியே ஆக வேண்டும்.

2025-26 வரைக்கும் வகுத்த விதிப்படி, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் வீடு முழுதும் இடிந்தால் 1.2 லட்சம், குடிசைக்கு 8,000. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. வீட்டுக்குள் இரண்டு நாளுக்கு மேல் வெள்ளம் நின்றால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று குடும்பத்துக்குத் தருகிறார்கள். அதனால் தண்ணீர் ஏறிய அன்றும், வடியாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இருக்கும் கறையை வைத்து நாள் கணக்கைச் சொல்ல முடியாது.

படகுக்கு அந்த விதி தரும் தொகை மிகக் குறைவு: பழுதுக்கு 6,000, முழுதும் போனால் 15,000, வலைக்கு 4,000. இன்றைய விலையில் இதை வைத்து நாட்டுப்படகு எப்படிக் கட்டுவது? அதனால்தான் மாநில அரசு சில பேரிடர்களுக்குத் தொகையைக் கூட்டித் தருகிறது. 2023 மிக்ஜாம் புயலின்போது முழுதும் சேதமான வல்லம் வகைப் படகுக்கு 1 லட்சம் என்றும், விசைப்படகுக்கு அதிகபட்ச மானியம் 7.5 லட்சம் என்றும் அறிவித்தார்கள். ஆகவே ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அந்தப் பேரிடருக்கென்று வரும் அரசாணையைக் கேளுங்கள், பழைய தொகையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

சரி, யாரிடம் போவது? வீடு, கால்நடை, உயிரிழப்புக்கு கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் தாசில்தார். படகு, வலைக்கு மீன்வளத்துறை. படகின் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அதை ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் முன் உடைந்த படகைச் சரி செய்துவிட்டால் சேதத்தைக் காட்ட எதுவும் இருக்காது. இறந்த ஆட்டையும் மாட்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்காமல் புதைக்காதீர்கள். மனிதர் இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் முதல் தகவல் அறிக்கையும் கட்டாயம் கேட்பார்கள். துக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் உறவினர் யாராவது ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடலில் காணாமல் போனவர் குடும்பம்தான் அதிகம் தவிக்கிறது. சாதாரணச் சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். 2017 ஒக்கி புயலுக்குப் பின் அவ்வளவு காலம் காத்திருக்காமல் நிவாரணம் கிடைக்கத் தமிழக அரசு தனி ஏற்பாடு செய்தது. அப்படி ஒரு வழி திறக்கும்போது கையில் இருக்க வேண்டியது, உடனே கொடுத்த போலீஸ் புகாரும் அந்தப் படகில் இன்னார் போனார் என்பதற்கான பதிவும். கூலிக்குப் போகிறவர்கள் தங்கள் பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று கரையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்ற மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடும் உண்டு. விபத்தில் இறந்தால் 5 லட்சம், பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.