மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஒரு விவசாயி மஞ்சப்பை நிறைய மரவள்ளி நுனிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வேளாண் அலுவலகத்துக்கு வந்தார். நுனியெல்லாம் சுருண்டு கொத்தாகக் கிடந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. "எந்த மருந்துங்க அம்மணி, டேங்குக்கு எத்தனை மில்லி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பிய, கெட்டியான கூடுகள் இருந்தன. சில கூடுகளில் குண்டூசியால் குத்தியதுபோல வட்டமாக ஒரு துளை. லென்ஸை அவரிடமே கொடுத்து எண்ணச் சொன்னேன். ஒரே நுனியில் பதினோரு கூடு. மருந்து எழுதிக் கொடுக்கவில்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்ததற்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லையே என்று அவர் முகம் சுருங்கிவிட்டது.

அந்தத் துளை வழியாக வெளியே போனது ஒரு குளவி. கொட்டுகிற குளவி அல்ல, கடுகளவுகூட இருக்காது. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டை பொரிந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சியின் தோல் இறுகிக் கூடாகிவிடும். உள்ளே புழு குளவியாக மாறி, கூட்டைத் துளைத்து வந்து அடுத்த மாவுப்பூச்சியைத் தேடும். இதற்கு வேறு பிழைப்பே கிடையாது.

பாடத்தில் இதையெல்லாம் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் நம்பியது 2010-க்குப் பிறகுதான்.

2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. அங்கே இதை ஒரு பிரச்சினையாகவே யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் தின்று தீர்க்க ஆள் இருக்கிறது. இங்கே பூச்சி மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. பப்பாளி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, வேலியோரத்துப் பார்த்தீனியம் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மருந்தடித்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட்டால் புழு சாகும். அடிக்காவிட்டால் போடுவதற்கு இலையே மிஞ்சாது. வளர்ந்த புழுக்களைத் தட்டோடு எடுத்துவந்து எருக்குழியில் கொட்டிய ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்களும் அப்போது மருந்துதான் சிபாரிசு செய்தோம். அந்தச் சீட்டுகளில் என் கையெழுத்தும் உண்டு. பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பை. மருந்து உள்ளே இறங்காது. செத்ததெல்லாம் அந்தப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள். சில வாரங்களில் பூச்சி பழையபடி வந்து நிற்கும்.

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்து, அக்டோபரில் கோவையில் வெளியே கொடுத்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற வகைதான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குப்பியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். "ஏனுங்க அம்மணி, இருக்கிற பூச்சி பத்தாதுன்னு நீங்க வேற பூச்சி கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்காத ஊர் இல்லை. சில மாதங்களில் பப்பாளி பழையபடி காய்த்தது.

ஆனால் மாவுப்பூச்சி ஒழியவில்லை. இதைச் சொன்னால் பலருக்கும் பிடிப்பதில்லை. தோட்டத்தில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். பூச்சி அடியோடு போனால் குளவிக்குச் சாப்பாடு இல்லை, அதுவும் போய்விடும். அடுத்த முறை காற்றிலோ விதைக்குச்சியிலோ பூச்சி வந்தால் தடுக்க ஆள் இருக்காது. ஓரத்தில் நாலு செடியில் கொஞ்சம் மாவுப்பூச்சி கிடப்பதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் வருவது சோம்பலால் அல்ல.

எறும்பையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான திரவத்தைக் கழிக்கிறது. அதற்காக எறும்புகள் அதை மாடு மாதிரி மேய்க்கின்றன. ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போகின்றன, குளவி வந்து உட்கார்ந்தால் விரட்டுகின்றன. "குளவி விட்டும் பலன் இல்லீங்க" என்று கூப்பிட்ட தோட்டங்களில் பெரும்பாலும் தண்டில் எறும்புச் சாரையைத்தான் பார்த்தேன். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது எறும்புப் புற்றை.

அப்புறம் தென்னை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்றொரு குளவி உண்டு. அதை யாரும் இறக்குமதி செய்யவில்லை, தானாகவே வந்து சேர்ந்தது. ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தில் பூசணம் படர்ந்து ஓலை கருத்ததைப் பார்த்துப் பயந்து கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் போவது அதுதான். அந்தக் கருப்புக்கு மைதா மாவுக் கரைசல் போதும்.

விவசாயி கொண்டுவந்தது பப்பாளி மாவுப்பூச்சி அல்ல, மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறு வகை. அதன் கதை இன்னும் நீளம். தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன இந்தப் பூச்சி அங்கே மரவள்ளியைச் சூறையாடியது. அதற்கான அனகைரஸ் லோபெஸி குளவியை 1981-இல் பராகுவேயில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய சுவிஸ் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020-இல் பூச்சி கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. குளவி 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: கொத்தான நுனிகளை ஒடித்துவிடுங்கள்; ஆனால் பழுப்புக் கூடு இருப்பவற்றை எரிக்காமல் தோட்டத்து நிழலில் போடுங்கள், குளவி வெளியேறட்டும். அடுத்த நடவுக்கு இந்தத் தோட்டத்துக் குச்சியை எடுக்காதீர்கள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. புதுத் துளிர் விட்டிருக்கிறதாம். அதைச் சொல்லவா கூப்பிட்டார் என்று பார்த்தால் இல்லை. "பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாளைக்கு மருந்தடிக்கறாராம் அம்மணி. என்ற குளவியெல்லாம் செத்துப்போயிருமுங்களா?" என்றார். அவரையும் ரெண்டு நுனி ஒடித்துக்கொண்டு உடனே வரச் சொல்லுங்கள், லென்ஸ் மேஜையிலேயேதான் இருக்கிறது என்றேன்.