கணவாயின் 550 கோடி எழுத்துகள்

ஓட்டுக் கணவாயைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கையில் நிற்காது. வழுக்கிக்கொண்டே போகும். மைப்பையில் நகம் பட்டுவிட்டால் சட்டித் தண்ணீர் முழுக்கக் கறுப்பு. ஆய்வகத்திலும் இதே தொல்லைதான். சதையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது அந்த வழுவழுப்புக்குக் காரணமான சர்க்கரைப் பொருட்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, டிஎன்ஏவைப் படிக்கும் நொதிகளை முடக்கிவிடுகின்றன. மையிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியும் அப்படித்தான்.

சரி, சுத்தமான டிஎன்ஏ கிடைத்துவிட்டது. அப்புறம்தான் பெரிய சிக்கல். ஐரோப்பியக் கடல்களில் வாழும் செப்பியா அஃபிசினாலிஸ் என்ற கணவாயின் மரபணுத்தொகுதியில், அதாவது அதன் முழு டிஎன்ஏவில், 550 கோடிக்கும் அதிகமான எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்ற நாலு வேதிப்பொருட்களைத்தான் எழுத்து என்கிறோம். மனிதருக்கு ஏறத்தாழ 310 கோடி. இவ்வளவும் மரபணுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல், தன்னைத்தானே நகலெடுத்து அங்கங்கே புகுந்துகொண்ட ஒரே மாதிரியான துண்டுகள்.

ஒரு நீளமான தாலாட்டை எழுதி, தாளைக் கத்தரித்துக் கலைத்துப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஆராரோ ஆரிரரோ' என்று மட்டும் இருக்கும் துண்டு எந்த அடிக்கு உரியது? சொல்லவே முடியாது. முன்னால் 'மாமன் அடித்தானோ', பின்னால் 'அத்தை அடித்தாளோ' என்று இரு பக்கமும் சேர்ந்து வந்தால்தான் இடம் தெரியும். ஒரு தடவைக்கு 150 எழுத்து படிக்கும் கருவிகளைக் கொண்டு கணவாயைக் கோக்க முடியாமல் திணறியது இதனால்தான்.

இப்போதைய கருவிகள் 15,000, 20,000 எழுத்துள்ள துண்டுகளைப் படிக்கின்றன. துண்டின் இரு முனைகளையும் மூடி வளையமாக்குகிறார்கள். மிகச் சிறிய குழியின் அடியில் ஒரு நொதி உட்கார்ந்து அந்த வளையத்தைச் சுற்றிச்சுற்றி நகலெடுக்கும். ஒவ்வொரு எழுத்தைச் சேர்க்கும்போதும் ஒரு மினுக்கல். நாலு எழுத்துக்கும் நாலு விதம். அதைக் கேமரா பதிவு செய்கிறது. ஒரே வரியைப் பலமுறை படிப்பதால் ஒரு சுற்றில் விட்ட பிழை அடுத்த சுற்றுகளில் பிடிபட்டுவிடும்.

இப்படிக் கிடைக்கும் நீண்ட துண்டுகளைக் குரோமோசோம்களாக வரிசைப்படுத்த ஒரு அழகான உத்தி இருக்கிறது. செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் நிலையிலேயே ஃபார்மால்டிஹைடால் உறையவைத்து, எந்தத் துண்டு எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஒரே குரோமோசோமில் பக்கத்தில் இருப்பவை அதிகம் தொட்டுக்கொள்ளும், தள்ளி இருப்பவை குறைவாக.

இத்தனை பாடு எதற்கு? கணவாயின் தோலில் லட்சக்கணக்கான நிறப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள தசைகளை மூளையிலிருந்து வரும் நரம்புகளே நேராக இழுக்கின்றன. அந்த மூளை எப்படிக் கட்டப்பட்டது என்ற குறிப்பு இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. 2015இல் இதன் உறவான ஆக்டோபஸின் மரபணுத்தொகுதி வெளியானபோது, நரம்பு இணைப்புகளோடு தொடர்புடைய புரோட்டோகேடரின் மரபணுக்கள் மட்டும் 168 இருந்தன. மனிதரிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. கணவாய் தன் டிஎன்ஏவில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுவதில்லை. புரதம் செய்வதற்காக டிஎன்ஏவிலிருந்து எடுக்கும் ஆர்என்ஏ நகலில் 'ஏ' என்ற எழுத்தைப் பல இடங்களில் திருத்துகிறது. செல் அதை 'ஜி' என்று படித்து, சற்றே மாறுபட்ட புரதத்தைச் செய்கிறது. கணவாய், ஆக்டோபஸ் இனங்களில் இப்படித் திருத்தப்படும் இடங்கள் பல்லாயிரம் என்று 2017இல் தெரியவந்தது. நரம்பு மண்டலத்தில்தான் இது மிகுதி. ஓட்டுக்குள் வாழும் இவற்றின் உறவான நாட்டிலஸில் மிகக் குறைவு. இந்தத் திருத்தத்தைப் பிடிக்க வழக்கமான வழி, அதே கணவாயின் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதுதான். மூலப்படியான டிஎன்ஏவைப் பிழையாகப் படித்திருந்தால் எது திருத்தம், எது படித்தவரின் தவறு என்றே தெரியாது.