மைனாரிட்டி என்றால் சிறுபான்மைதானா?

சிங்கப்பூரில் தேர்தல் பேச்சு எழுந்தாலே தமிழர் வாயில் தானாக வந்துவிடும் சொல் 'மைனாரிட்டி'. காப்பிக்கடை மேசையில் "நாம மைனாரிட்டி, பிரதமர் நாற்காலி நமக்கு எங்க கிடைக்கும்?" என்பார் ஒருவர். "ஏன், தர்மன் வரலையா?" என்பார் இன்னொருவர். "அது அதிபர்ப்பா, பிரதமர் இல்ல" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதலாமவர் அந்தச் சொல்லுக்குள் ஒரு தகுதிக்குறைவையும் சேர்த்துப் பேசுகிறார். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு ஈடாக நாம் வைத்திருக்கும் 'சிறுபான்மை' அதே பொருளைத்தான் தருகிறதா என்று பார்க்கலாம்.

மைனாரிட்டிக்கு மூலம் லத்தீன். 'மைனர்' என்றால் அந்த மொழியில் 'சிறியது, குறைந்தது'. அதிலிருந்து பிறந்த சொல்லுக்கு ஐரோப்பிய மொழிகளில் முதலில் நிலைத்த பொருள் வயது வராத நிலை. சொத்துக்கு வாரிசாக இருந்தும் ஆள வயது போதாத பிள்ளை மைனர். அந்தப் பொருளில்தான் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஜமீன் வாரிசுகள் வயதுக்கு வரும்வரை சொத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார், பையன் கவலை இல்லாமல் திரிவான். 'மைனர் மாப்பிள்ளை', 'மைனர் செயின்' எல்லாம் அப்படி வந்தவைதான். வாக்கெடுப்பில் குறைந்த எண்ணிக்கை உள்ள தரப்பு என்ற பொருள் அப்புறம் வந்தது. ஒரு நாட்டுக்குள் எண்ணிக்கையில் குறைந்த இனம், மதம், மொழி என்ற இன்றைய பொருள் உலகெங்கும் பரவியது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1919இல் போலந்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் போன்றவை இவர்களின் உரிமைகளை எழுத்தில் கொண்டுவந்தன.

'வயது போதாதவர்' என்ற பழைய நிழல் இந்தச் சொல்லை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. "நேரம் வரவில்லை", "இன்னும் தயாராகவில்லை" என்ற பேச்சு சிறுபான்மையினரைப் பற்றித்தான் அடிக்கடி எழுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். சிறுபான்மை என்பது சிறு + பான்மை. பான்மை என்பது பால் + மை. நல் + மை நன்மை ஆவது போல, பால் + மை பான்மை ஆகிறது. பால் என்றால் பகுதி, பிரிவு. அறத்துப்பால், பொருட்பால் என்பதில் இருக்கும் அதே பால்தான் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பதிலும் இருக்கிறது. ஆக, சிறுபான்மை என்றால் 'சிறு பகுதியாக இருக்கும் தன்மை'. வயதோ பக்குவமோ இதில் இல்லை.

இந்தச் சொல் அரசியலுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இலக்கண உரைகளில் புழங்கியது. "பெரும்பான்மை இப்படி வரும், சிறுபான்மை அப்படியும் வரும்" என்று உரையாசிரியர்கள் எழுதுவார்கள். அதாவது ஒரு வழக்கு அடிக்கடி காணப்படுகிறது, இன்னொன்று அரிதாகக் காணப்படுகிறது, அவ்வளவே. அரிதாக வருவது பிழை என்று அவர்கள் சொல்லவே இல்லை. பிழைக்கு அவர்களிடம் தனிச்சொல் உண்டு: வழு. சிறுபான்மை வேறு, வழு வேறு. அரிதாக வருவதற்கும் இலக்கணத்தில் முழு உரிமை உண்டு. நம் அரசியல் பேச்சில் எனக்கு வேண்டியது இந்தப் பொருள்தான்.

இதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரைப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. இந்த நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் மலாய்க்காரர். அடுத்து வந்த பெஞ்சமின் ஷியர்ஸ் யுரேஷியர், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினர். மூன்றாமவர் தேவன் நாயர் மலையாளி. ஆறாமவர் எஸ் ஆர் நாதன் தமிழர். எட்டாமவர் ஹலிமா யாக்கோப், ஒன்பதாமவர் தர்மன் சண்முகரத்னம். ஒன்பது பேரில் சீனர் மூவர்தான். அதிபர் பதவியில் சிறுபான்மையினர்தான் பெரும்பான்மை!

ஆனால் இவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நால்வரும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தவர்கள். மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1991இல் சட்டமாகி, 1993இல் முதல் தேர்தல் நடந்தது. நாதன் 1999, 2005 இரண்டு முறையும் போட்டியின்றி வந்தார். ஹலிமா 2017இல் போட்டியின்றி வந்தார். போட்டி நடந்து, மக்கள் வாக்குச்சீட்டில் முத்திரையிட்டு, சீனரல்லாத ஒருவர் அதிபர் ஆனது 2023 செப்டம்பர் 1ஆம் தேதிதான் முதல்முறை. இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த தர்மன், சீனர் இருவரை எதிர்த்து நின்று 70.4 விழுக்காடு வாக்கு பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட சின்னம் அன்னாசி. சீனர் பேசும் ஹொக்கியன் மொழியில் அதன் பெயர் 'ஓங் லாய்'. 'செழிப்பு வருகிறது' என்றும் அது காதில் விழும். சீனப் புத்தாண்டுக்குக் கடைவாசலில் அன்னாசியைத் தொங்கவிடும் சீனர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. சிறு பகுதியைச் சேர்ந்த ஒருவர் பெரும் பகுதியின் மொழியில் வாக்கு கேட்டார், பெரும் பகுதி கொடுத்தது. அன்றிரவு லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

ஹலிமாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமல் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும்: 'ரிசர்வ்டு எலெக்ஷன்'. 2016இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சீனர் ஒன்று, மலாய்க்காரர் ஒன்று, இந்தியரும் பிற சிறுபான்மையினரும் சேர்ந்து ஒன்று என மூன்று சமூகங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து தொடர்ந்து ஐந்து தவணைக்காலத்துக்கு யாரும் அதிபர் ஆகவில்லை என்றால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு மட்டும். 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு வந்தது. தனியார் துறையிலிருந்து வருபவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 500 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பித்த மற்ற மலாய்க்காரர் இருவரும் அந்த அளவை எட்டவில்லை. மிஞ்சியவர் ஹலிமா ஒருவரே.

இதைப் பலரும் 'ஒதுக்கப்பட்ட தேர்தல்' என்று எழுதினார்கள். இலக்கணப்படி தவறில்லை. ஆனால் தமிழில் 'ஒதுக்கு' என்ற வினைக்கு இரண்டு முகம்: ஒருவருக்கென்று எடுத்துவைப்பதும் ஒதுக்குவதுதான், ஒருவரை விலக்கிவைப்பதும் ஒதுக்குவதுதான். 'ஒதுக்கப்பட்டவர்' என்றால் நம் மனத்தில் வருவது இரண்டாவது பொருள். 'ஒதுக்கீட்டுத் தேர்தல்' என்று எழுதினால் எடுத்துவைத்தது என்ற பொருள் மட்டுமே நிற்கும். தமிழ்நாட்டில் 'இடஒதுக்கீடு' என்று பழகிய சொல்லின் உறவு அது. நான் அதையே பரிந்துரைப்பேன்.

எட்டு வயதில் தந்தையை இழந்து, தள்ளுவண்டியில் நாசி பாடாங் என்ற சோற்று உணவு விற்ற அம்மாவுக்கு உதவிக்கொண்டே படித்தவர் ஹலிமா. சட்டம் படித்து, தொழிற்சங்கத்தில் வேலை பார்த்து, 2001இல் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2013இல் முதல் பெண் நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்) ஆனார். அதிபரான பிறகும் கொஞ்ச நாள் யீஷூனில் தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே இருந்தார், பாதுகாப்புக் காரணத்துக்காகத்தான் வீடு மாற வேண்டியதாயிற்று. பக்கத்து நாடுகளில் பெண்கள் உச்சிக்கு வந்தது பெரும்பாலும் குடும்ப வழியில். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க கொல்லப்பட்ட பிரதமரின் மனைவி. 1966இல் பிரதமரான இந்திரா காந்தி ஒரு பிரதமரின் மகள். ஹலிமாவுக்கு அப்படி எந்தப் பெயரும் துணை இல்லை. அவர் களத்தில் நின்று வாக்கு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஒதுக்கீடு கதவைத் திறந்தது, ஆனால் வாக்கு எண்ணி வெல்லும் பெருமை அவருக்கு வாய்க்கவில்லை.

ஹலிமாவை 'சிறுபான்மைப் பெண்' என்று சொல்வது சரி. ஆனால் 'பெண்களும் மற்ற சிறுபான்மையினரும்' என்று எழுதுவது சரியில்லை. உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். "வகுப்பில் எத்தனை பேர் பெண்கள்?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்து எண்ணினாள். "பாதிக்கு மேல, ஆசிரியரே" என்றாள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, 'மற்ற' என்ற சொல்லை மட்டும் அடித்தாள். நானும் அதைத்தான் அடித்திருப்பேன்.

சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிகம். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை இல்லை, அதிகாரத்தில்தான் குறைவு. மைனாரிட்டி என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்ப இடம் தருகிறது. சிறுபான்மை என்ற சொல்லை அதன் பொருளோடு ஆண்டால் அந்தக் குழப்பம் வராது. பெண்கள் விஷயத்தில் 'குறைந்த பங்கு', 'பின்தள்ளப்பட்ட நிலை' என்று நேராகச் சொல்லிவிடலாம். அந்தக் குறைவு சின்னக் குறைவும் இல்லை: 1970இலிருந்து 1984 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை.

பதவிப் பெயரையும் பார்ப்போம். 'பிரசிடெண்ட்' என்பதற்குத் தமிழ்நாட்டில் தங்கள் நாட்டுக்குக் 'குடியரசுத் தலைவர்', அமெரிக்காவுக்கு 'அதிபர்'. இலங்கையில் 'ஜனாதிபதி', அங்கே அதிபர் என்றால் பள்ளியின் தலைமை ஆசிரியர். நமக்கு 'அதிபர்' மட்டுமே. இது வடமொழி 'அதிப' வழி வந்தது. 'மேலிருந்து காப்பவர்' என்று பொருள் விரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரின் முக்கிய வேலை முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த கடந்தகால நிதியிருப்பைக் காப்பது என்பதால் பொருத்தமாகவே இருக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் 'குடியரசுத் தலைவர்' என்று எழுதலாம், அதுவும் செம்மையான சொல். அதிபர், தலைவர், பிரதமர், அமைச்சர் எல்லாமே 'அர்' விகுதி பெற்று மரியாதையோடு இருபாலுக்கும் பொதுவாக நிற்பவை. 2017இல் ஒரு பெண் வந்தபோது தமிழில் பதவிப் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. முதல் செய்தியில் 'முதல் பெண் அதிபர்' என்பது தகவல். ஆறு ஆண்டும் 'பெண் அதிபர்' என்று எழுதியிருந்தால் அது வேண்டாத ஒட்டு.

அதிபர் மரபு வரிசையில் உயர்ந்தவர். நாட்டை நடத்துபவர் பிரதமர். காப்பிக்கடையில் மூன்றாமவர் சொன்னது இதைத்தான். 1959 முதல் இதுவரை பிரதமர் நால்வர்: லீ குவான் யூ, கோ சோக் டோங், லீ சியன் லூங், லாரன்ஸ் வோங். நால்வரும் சீன ஆண்கள். தன்னாட்சிக்கு முன் 1955இல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் யூதர், மிகச் சிறிய ஒரு சமூகத்திலிருந்து வந்தவர். துணைப் பிரதமர் வரை ராஜரத்னம், ஜெயகுமார், தர்மன் என்று இந்திய, இலங்கை வம்சாவளியினர் வந்திருக்கிறார்கள். மலாய்க்காரர் ஒருவரோ எந்த இனத்துப் பெண்ணோ அந்த நிலையை இன்னும் தொடவில்லை.

2019இல் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமருக்குத் தயாராக இல்லை என்று மாணவர்களிடம் சொன்னார். நான்கு ஆண்டு கழித்து அதிபர் தேர்தல் பிரசாரத்தில் தர்மன், சிங்கப்பூர் எப்போது வேண்டுமானாலும் தயார் என்றார். 'தயார்' என்ற சொல் யார் மேல் ஏற்றப்பட்டது என்று கவனியுங்கள். மைனாரிட்டியின் பழைய பொருளில் வயது போதாதவர் வாரிசு. ஹெங்கின் பேச்சில் பக்குவம் போதாதவர்கள் வாக்காளர்கள். வேட்பாளரிடம் குறை இருப்பதாக அவரும் சொல்லவில்லை.

'சீனரல்லாத பிரதமர்' என்ற தொடர் பற்றி ஒன்று. ஆங்கில நாளிதழ் வழியாக வந்த இது ஒருவரை அவர் யார் இல்லை என்பதைக்கொண்டு அடையாளம் காட்டுகிறது. புள்ளிவிவரம் பேசும் இடத்தில் இதைத் தவிர்க்க முடியாது, மேலே நானும் எழுதியிருக்கிறேன். மற்ற இடங்களில் 'மலாய்ப் பிரதமர்', 'இந்தியப் பிரதமர்', 'யுரேஷியப் பிரதமர்' என்று இன்னாரென்று சொல்லலாம். 'இந்தியப் பிரதமர்' என்றால் டெல்லியில் இருப்பவர் என்று குழம்பும் என்பது உண்மைதான். அப்போது 'இந்திய வம்சாவளிப் பிரதமர்' என்று எழுதுங்கள். மக்களைக் குறிக்கும்போது 'சிறுபான்மைகள்' வேண்டாம், 'சிறுபான்மையினர்' போதும். 'சிறுபான்மைச் சமூகம்' என்பதில் ச் மிகும்.

பிரதமர் நியமனம் பற்றி அரசமைப்புச் சட்டம் கேட்பது, அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், பெரும்பாலான உறுப்பினர்களின் நம்பிக்கை அவருக்கு இருக்கும் என்று அதிபர் கருத வேண்டும் என்பதையே. இனமும் பாலும் அந்த விதியில் இல்லை. 2024 மே 15ஆம் தேதி அதிபர் மாளிகையான இஸ்தானாவில் லாரன்ஸ் வோங் அந்த விதிப்படி பதவியேற்றபோது அவரை நியமித்த அதிபர் தர்மன் சண்முகரத்னம்.