ஒட்டுப்போட்ட முழங்கால் எத்தனை அடி தாங்கும்?

கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கினால், மூட்டைப் பிளந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எலும்பின் நுனியில் வெளிர்நீலம் கலந்த வெள்ளையில் ஒரு பூச்சு பளபளக்கும். தடவினால் வழுக்கும், நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி எழும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். (ஊர்ப்பேச்சில் "சவ்வு தேஞ்சிருச்சு" என்பார்கள். தசைநார், இடையில் இருக்கும் பிறைவட்டு, குருத்தெலும்பு எல்லாமே நமக்குச் சவ்வுதான். டாக்டர் அதில் எதைச் சொன்னார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.)

இந்தப் பூச்சில் ரத்தக் குழாய் இல்லை. அதனால் புண்ணானால் தானாக ஆறாது. ஒருமுறை அழிந்தால் போனதுதான் என்று வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-இலேயே லண்டனில் எழுதிவிட்டார். விளையாட்டில் அடிபட்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்துபோன இளைஞருக்கு முழு மூட்டையும் மாற்றுவது, ஓர் ஓடு உடைந்ததற்குக் கூரையையே பிரிப்பது போல. அதனால்தான் பள்ளத்தை மட்டும் அடைக்கும் ஒட்டுகள் வந்தன: நீர் நிறைந்த ஹைட்ரோஜெல், பவளத்திலிருந்து எடுத்த அரகோனைட் என்ற கனிமம், நோயாளியின் சொந்தச் செல்களை வளர்த்துப் பதித்த படலம் என்று பல வகை.

அந்த ஒட்டு நல்லதா என்று எப்படிச் சோதிப்பது? "எவ்வளவு எடை தாங்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால், அது இருப்பதிலேயே சுலபமான கேள்வி.

முழங்காலின் சுமை சாதாரணமானதல்ல என்பது உண்மைதான். பெர்லினில் உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து, உள்ளே நடப்பதை நேரடியாகவே அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 60 கிலோ ஆள் படி இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் 200 கிலோவுக்கு மேல். ஆனால் குருத்தெலும்பு அதைத் தாங்குவது வலிமையால் அல்ல, தண்ணீரால்.

அதன் எடையில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர். கொலாஜன் என்ற புரத இழைகள் வலைபோல் பின்னியிருக்க, அதற்குள் சிக்கிய புரோட்டியோகிளைக்கான்கள் (சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதங்கள்) தண்ணீரை இழுத்துப் பிடித்துவைத்திருக்கின்றன. வெளியேறும் வழிகளோ நானோமீட்டர் அளவு. தண்ணீர் நிரம்பிய பாலிதீன் பையில் ஊசித்துளை போட்டு, அதன்மேல் உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென உட்கார்ந்தால் தண்ணீர்தான் உங்களைத் தாங்கும். உட்கார்ந்தே இருந்தால் மெல்லக் கசிந்து பை தட்டையாகும். கால் ஊன்றிய முதல் கணங்களில் சுமையில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தத் திரவ அழுத்தமே ஏற்கிறது. திடமும் திரவமுமாகச் சேர்ந்து நடக்கும் இந்த வேலையை வான் மௌ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1980-இல் கணிதமாக்கினார்கள்.

ஆகவே ஆய்வகத்தில் ஒட்டை ஒரு தரம் நசுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு சிறு சில்லை உப்புநீரில் வைத்து, நுண்துளையுள்ள உலோகத் தகட்டால் மேலே மாறாத எடை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மில்லிமீட்டர் தடிமனுள்ள சில்லு அமுங்கி அடங்க மணிக்கணக்காகும். எவ்வளவு அமுங்கியது என்பது ஒரு எண். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் தண்ணீர் எவ்வளவு சிரமப்பட்டு வெளியேறுகிறது என்று காட்டும். மெதுவாக அழுத்தும்போது 1 மெகாபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) குறைவான விறைப்பு காட்டும் அதே குருத்தெலும்பு, நடையின் வேகத்தில் அழுத்தும்போது பல மடங்கு விறைக்கும். ஒட்டு இரண்டு வேகத்திலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், அது வெறும் ரப்பர்.

உராய்வுச் சோதனையிலும் இதே தந்திரம். சுமை ஏற்றிய உடனே தேய்த்தால் குருத்தெலும்பு ஏறக்குறைய உராய்வே இல்லாமல் வழுக்கும். சுமையை ஏற்றிச் சும்மா வைத்திருந்துவிட்டுத் தேய்த்தால், தண்ணீர் கசிந்துபோன அளவுக்கு உராய்வு ஏறியிருக்கும். எனவே எவ்வளவு நேரம் காத்திருந்து தேய்த்தோம் என்பதைச் சொல்லாத உராய்வு எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது தேய்மானம். அம்மியும் குழவியும் ஒன்றையொன்று தேய்க்கும். அங்கே இரண்டும் கல். இங்கே ஒரு பக்கம் ஒட்டு, எதிர்ப்பக்கம் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு. ஒட்டு தேயாமல் எதிராளியை அரைத்துவிட்டால் அது வெற்றியா? ஆகவே சோதனை முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒட்டை அல்ல, அதன் ஜோடியை.

முழு செயற்கை மூட்டுகளுக்கு ஐஎஸ்ஓ 14243 என்ற தரநிலை உண்டு. இயந்திர முழங்கால் 37 டிகிரி வெப்பத்தில், நீர்த்த கன்றுக்குட்டி ரத்தச் சீரத்தில் மூழ்கியபடி 50 லட்சம் சுற்று மடங்கி நீளும். ஒரு கால் ஓராண்டு நடப்பதைச் சுமார் 10 லட்சம் சுற்று என்று கணக்கு வைக்கிறார்கள். நொடிக்கு ஒரு சுற்று என்றால் இடைவிடாமல் 58 நாட்கள். சீரம் கெட்டுப்போகும் என்பதால் இடையிடையே மாற்ற வேண்டும். கடைசியில் செயற்கை மூட்டின் பிளாஸ்டிக் பாகத்தை எடைபோட்டால் தேய்ந்தது தெரிந்துவிடும்.

ஒட்டுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. ஹைட்ரோஜெல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், கசிந்து இளைக்கும். தராசு சொல்வதை நம்ப முடியாது. மேற்பரப்பை லேசராலோ நுண் சிடி ஸ்கேனாலோ அளந்து, பள்ளத்தின் கனஅளவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. எதிரே வைக்கும் மாட்டு, பன்றிக் குருத்தெலும்போ 58 நாள் தாங்காது, அழுகிவிடும். இயற்கைத் திசுவோடு செய்யும் சோதனைகள் பெரும்பாலும் மணிக்கணக்கில் முடிவதற்கு இதுதான் காரணம்.

ஓரங்களை மறந்துவிடக் கூடாது. ஒட்டு சுற்றுப்புறத்தைவிட அரை மில்லிமீட்டர் துருத்தினாலே போதும். சுமை முழுக்க அந்த விளிம்பில் குவியும். அழுத்தத்துக்கேற்ப நிறம் ஏறும் படலத்தை மூட்டுக்குள் செருகினால், துருத்திய இடம் அடர்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் தாழ்ந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மேடாகக் கூடாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் வைலி, கென் கால் (Ken Gall) இருவரின் குழு, செல்லுலோஸ் இழைகளோடு பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பாலிமரைச் சேர்த்துச் செய்த ஹைட்ரோஜெல்லை 2022-இல் வெளியிட்டது. இழுவிசையில் இயற்கைக் குருத்தெலும்பைவிட 26 சதவீதமும் அழுத்தத்தில் 66 சதவீதமும் வலிமை கூடுதல். செய்திகளில் இந்த எண்களே அடிபட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ஜெல்லை டைட்டானிய அடித்தளத்தில் பிணைத்த விதம்தான். வழுக்குவதற்கென்றே பிறந்த பொருளை எலும்போடு ஒட்டவைப்பதுதான் இந்தத் துறையின் பழைய தலைவலி. அதே பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன கார்ட்டிவா என்ற ஒட்டு, கால் பெருவிரல் மூட்டுக்காக 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக மறு அறுவை சிகிச்சை, இடம்பெயர்தல், உடைதல் என்று தெரியவரவே 2024-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இயந்திரத்துக்குப் பிறகு விலங்குகள். முயல் மலிவுதான்; ஆனால் அதன் குருத்தெலும்பு 0.3 மில்லிமீட்டர், போதாக்குறைக்குத் தானாகவே ஓரளவு ஆறிவிடும். ஆகவே ஆடு, அதற்கு மேல் குதிரை.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐஎஸ்ஓ நடைச்சுற்றில் முழங்கால் மடங்குவது அதிகபட்சம் 58 டிகிரி. குத்தவைத்து உட்காரும்போது நம் முழங்கால் 130 டிகிரியைத் தாண்டும். அந்தக் கோணத்தில் தொடை எலும்பின் பின்பக்கம்தான் சுமையை வாங்குகிறது. ஒட்டு அங்கே இருந்தால், இயந்திரம் ஓடிய 50 லட்சம் சுற்றில் ஒன்றுகூட அதைத் தொட்டிருக்காது.