மொட்டை மாடிக்கு ஏறினால் கணக்கில் வருமா?

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா, அடிகளை எண்ணும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் கட்டிய முதல் வாரமே அதோடு சண்டைக்குப் போய்விட்டாள். சித்திரை மாதம். வேலூர் வெயிலை வீணாக்கக் கூடாதென்று விடியற்காலையிலேயே கூழ் குண்டானைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி வடாம் பிழிந்தாள், வாசல் பெருக்கினாள், துணி துவைத்தாள். மத்தியானம் பார்த்தால் கடிகாரம் ‘உடற்பயிற்சி 0 நிமிடம்’ என்கிறது.

“ஏன்டா, காலையிலேர்ந்து நான் இன்னா சும்மா உக்காந்துகினா இருந்தேன்?”

இல்லை. செய்வது பயிற்சியா வேலையா என்று தசைக்குத் தெரியாது. அது ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஏடிபி என்ற மூலக்கூறு செலவாகிறது. அதை மறுபடி உண்டாக்கச் சர்க்கரையும் கொழுப்பும் எரிந்தாக வேண்டும். ஜிம்மில் எரிவதும் வாசலில் எரிவதும் ஒன்றுதான்.

ஒரு நாளில் நாம் எரிப்பதில் 60 முதல் 70 சதவீதம் சும்மா உயிரோடு இருப்பதற்கே போய்விடும்: மூளை, கல்லீரல், இதயம், உடல்சூடு. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். மிச்சம்தான் அசைவு. ஜிம் பக்கமே போகாதவருக்கு அந்த மிச்சம் முழுக்கப் பெருக்குவதும் நடப்பதும் எழுந்து உட்காருவதும்தான். இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘நீட்’. தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுவோம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவைன் குழு காட்டியது. 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு ஏறவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. கொழுப்பு ஏறாதவர்கள் பயிற்சி எதுவும் செய்யவில்லை. தங்களை அறியாமலே அதிகம் அசைந்திருக்கிறார்கள். அப்படிக் கூடிய செலவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 கலோரியைத் தொட்டது.

ஆனால் எல்லா அசைவும் சமமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. பெருக்கினால் அது மூன்று மடங்குக்கு மேல். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் விரல்கள் மின்னலாய்ப் பறக்கும். இருந்தும் உட்கார்ந்து செய்யும் கைவேலைக்கு ஒன்றரை மடங்குதான் கணக்கு. விரல் தசை சிறியது. நிறைய எரிப்பவை தொடையும் இடுப்பும், அதாவது உடம்பைத் தூக்கிச் சுமக்கும் தசைகள். சும்மா நிற்பதிலும் பெரிய லாபமில்லை, உட்காருவதைவிட மணிக்கு ஏறத்தாழ 10 கலோரிதான் கூடும்.

படியேறுவதை நாமே கணக்குப் போடலாம். சோளிங்கர் மலைக்கு 1300-க்கும் மேல் படிகள். படிக்கு அரை அடி என்றால் 200 மீட்டர். 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான வேலை வெறும் 28 கலோரி. தசையோ எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஆகவே செலவு 110 கலோரிக்குக் குறையாது. இரண்டு மூன்று இட்லி. இறங்கி வந்து ஆற்காட்டு மக்கன் பேடா ஒன்றை வாயில் போட்டால் அப்புறம் பேச ஒன்றுமில்லை. அக்காவின் மாடிக்கு? ஒரு தடவைக்கு 2 கலோரிகூட இல்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

வியர்வையை வைத்தும் கணக்குப் போடக் கூடாது. நம்மூர் வெயிலில் சும்மா நின்றாலே சட்டை நனையும். வெளியேறுவது தண்ணீர், கொழுப்பு இல்லை.

நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தினசரி கலோரித் தேவையைச் சொல்லும் செயலிகள், நீங்கள் எவ்வளவு அசைபவர் என்று முதலிலேயே கேட்டு அதற்கேற்பப் பெருக்கிவிடுகின்றன. வீட்டுவேலை அதிலேயே அடங்கிவிட்டது. கோட்டையைச் சுற்றி நடந்ததை மறுபடி கூட்டினால் ஒரே வரவை இரண்டு தடவை எழுதினது மாதிரி. அதோடு, ஒரு மணி நடைக்கு 200 கலோரி என்று கடிகாரம் காட்டினால், அதில் 60 நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும்.

சரி, கடிகாரம் ஏன் அக்காவை எண்ணவில்லை? அதற்குள் இருக்கும் உணரி, கை வீச்சைக் கொண்டுதான் அடிகளை எண்ணுகிறது. இரண்டு கையாலும் குண்டானைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கை அசையாது. உடற்பயிற்சி நிமிடத்துக்கோ விடாத வேகநடை அளவு வேண்டும், நாலு படி ஏறி நின்று மூச்சு வாங்கினால் சேராது.

இதைச் சொன்னதும் அக்கா கடிகாரத்தைக் கழற்றி, கொலுசுக்கு மேலே கணுக்காலில் கட்டிக்கொண்டாள். அடிகள் ஒழுங்காக ஏறுகின்றன. நாடித் துடிப்பு மட்டும்தான் கன்னாபின்னா என்று காட்டுகிறது.