கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கண்ணாடி: ஃபாசில் டயட்டம் போட்டோ எடுக்குறது எப்படி

சேலத்துப் பாறைல ஃபாசில் தேடுறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன். சேர்வராயன் மலை சார்னோகைட்டும் கஞ்சமலை இரும்புக்கல்லும் சுமார் 250 கோடி வருஷப் பழசு, பூமிக்கடியில வெந்து அமுங்கி உருமாறுன கல்லு, அதுல ஃபாசில் கெடைக்காது. ஆனா ஃபாசில் டயட்டத்த மைக்ரோஸ்கோப்புல பாக்க மலையே ஏற வேணாம்ங்க, கோழிப்பேனுக்குத் தூவுறாங்களே டயட்டமேசியஸ் எர்த் பவுடர், அது ஒரு பாக்கெட் போதும், அந்த வெள்ளைத் தூளே பெரும்பாலும் டயட்டம் ஓடுதான். நன்னீர்ப் படிவுல வெட்டுன தூளா இருந்தா ஸ்பாஞ்ச்ங்கிற தண்ணில வாழ்ற உயிரோட ஊசியும் கூடவே வர வாய்ப்பிருக்கு. ஏற்காடு ஏரிக்கரைச் சேத்துல கொஞ்சம் எடுத்து வச்சா இன்னைக்கு வாழ்ற டயட்டத்தோட ஒப்பிட்டும் பாக்கலாம்.

டயட்டம்ங்கிறது ஒத்தை செல் பாசி. தண்ணில கரைஞ்சிருக்கிற சிலிக்காவ எடுத்து ஓடு கட்டிக்கும், ஓடு ரெண்டு பாதி, டிபன் டப்பாவும் மூடியும் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தும். ஸ்பாஞ்சும் அதே சிலிக்காவுல ஊசி ஊசியா எலும்பு வளக்குது, அதத்தான் ஸ்பிக்யூல்னு சொல்றாங்க. உயிர் போனாலும் ரெண்டும் மண்ணுல தங்கிடும்.

சிக்கல் என்னன்னா ரெண்டுமே கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். கெமிஸ்ட்ரி லேப் டெஸ்ட் டியூப்ப கடலை எண்ணெயில முக்கிப் பாருங்க, காணாமப் போயிடும், ஏன்னா ஒளிய எவ்வளவு வளைக்குதுங்கிற ஒளிவிலகல் எண் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 1.47. டயட்டம் சிலிக்காவுக்கு சுமார் 1.43, தண்ணிக்கு 1.33, காலேஜ் லேப்ல ஸ்லைடு ஒட்டுற டிபிஎக்ஸ் பசைக்கு 1.52. இந்த ரெண்டுல எதுல போட்டாலும் வித்தியாசம் சுமார் 0.1 தான், அதான் ஓடு வெளிறிப் போயி தெரியுது. டயட்டத்துக்குன்னே இருக்குற நாஃப்ராக்ஸ் பிசின் 1.7 கிட்ட வரும், அதுல போட்டா ஓட்டுல இருக்குற ஒவ்வொரு ஓட்டையும் பளிச்சுனு எழும்பும். அது கெடைக்கலன்னா ஸ்லைட மூடுற மெல்லிசுக் கண்ணாடியான கவர்ஸ்லிப்போட அடிப்பக்கத்துல டயட்டம் கலந்த தண்ணிய சொட்டு விட்டு காயவச்சு, காத்துலயே பாருங்க. காத்துக்கு எண் 1, வித்தியாசம் 0.43, ஆரம்பத்துக்கு இத விட சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அதுக்கு முன்னாடி தூள கழுவணும். நெறைய தண்ணில கலக்கி, மணல் அடில எறங்குனதும் மேல இருக்குறத வேற டம்ளர்ல ஊத்தி மணிக்கணக்குல விட்டுட்டு, மேல் தண்ணிய வடிச்சு, மறுபடி அதையே செய்யணும். பொறுமையில்லாம வடிச்சா சின்ன டயட்டம் எல்லாம் சிங்க்ல போயிடும். காஞ்ச தூள மூச்சுல இழுக்காதீங்க, மாஸ்க் போட்டுக்கங்க.

இப்ப மைக்ரோஸ்கோப் லென்ஸ். எவ்வளவு நுணுக்கம் தெரியும்ங்கிறதுக்கு ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873லயே கணக்கு சொல்லிட்டாரு, ஒளியோட அலைநீளத்த லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்துல ஒளிய வாங்குதுன்னு அது மேல எழுதியிருக்குற என்ஏ எண்ணோட ரெண்டு மடங்கால வகுக்கணும். 40எக்ஸ் லென்ஸ்ல 0.65னு இருக்கும், பச்சை வெளிச்சம் 550 நானோமீட்டர், வகுத்தா சுமார் 0.42 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). ப்ளூரோசிக்மா ஆங்குலாட்டம்ங்கிற டயட்டத்துல புள்ளி வரிசை அரை மைக்ரான் இடைவெளிதான், அதனால 40எக்ஸ்ல நூலிழைல தெரியும், 0.25 என்ஏ இருக்குற 10எக்ஸ்ல எவ்வளவு ஜூம் பண்ணாலும் தெரியாது. மெகாபிக்சல் இங்க உதவாது, போன் கேமராவே தாராளம். ஸ்லைடுக்குக் கீழ வெளிச்சத்தக் குவிக்கிற கண்டென்சருக்கு அடில கருப்பு சார்ட் பேப்பர் துண்ட ஒரு பக்கமா நகத்துனீங்கன்னா வெளிச்சம் சாய்வா வந்து கோடெல்லாம் எடுத்துக் காட்டும், பைசா செலவில்லாத வேலை.

40எக்ஸ்ல ஒரு நேரத்துல ஃபோகஸ்ல நிக்கிறது சுமார் ஒரு மைக்ரான் ஆழம்தான், ஸ்பிக்யூலோ அதவிடப் பல மடங்கு தடிமன். அதனால ஃபைன் குமிழ கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வரிசையா படம் எடுத்து, பிகோலே மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேர்ல அடுக்கி ஒரே படமாக்கணும். சேலம் அஞ்சு ரோடு பக்கம் வீடு இருந்தா பஸ் போக்குவரத்து அடங்குன அப்புறம் எடுங்க, அந்த அதிர்வுக்கே படம் கலங்கிடும்.

ஸ்பிக்யூலா மணல் சில்லான்னு குழப்பம் வந்தா ஒரே திசைல அதிர்ற ஒளிய மட்டும் விடுற போலராய்டு தாள் ரெண்டு போதும், ஒண்ணு விளக்குக்கு மேல, ஒண்ணு ஐபீஸ் மேல, பின்னணி இருட்டாகுற வரைக்கும் திருப்புங்க. குவார்ட்ஸ் படிகம், அதனால ஸ்லைட சுத்தச் சுத்த மின்னி மின்னி அணையும். ஸ்பிக்யூல் படிகமில்லாத ஓபல், எப்படிச் சுத்துனாலும் இருட்டுலயே நிக்கும். தாள எடுத்துட்டு நல்லாப் பாத்தீங்கன்னா முழு ஊசியா இருந்தா நடுவுல மெல்லிசா ஒரு கால்வாய் ஓடும், அதுக்குள்ள முன்னாடி இருந்த புரத இழையச் சுத்தித்தான் ஸ்பாஞ்ச் சிலிக்காவ படிய வச்சுது.